பாதி போய் பாதி நின்றால்?

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஏஐ ஏஜென்ட் (தானே டூல்களை அழைத்து வேலை முடிக்கும் ஏஐ) படிப்பதற்காக உன் டிஎன்எஸ் டூலுக்கு நீ எழுதிய விவரக்குறிப்பின் வரைவு வந்து மூன்று வாரம் ஆகிறது. டிஎன்எஸ் என்பது டொமைன் பெயர்களுக்கான இணைய முகவரிப் புத்தகம், ரெக்கார்டு அதில் ஒரு பதிவு. ஒரு வரி பதில் போடாமல் இருந்தது தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? லாஸ்பேட்டை வீட்டுக்குச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்ததா? மற்றதை நேரில் பேசலாம். முதலில் அந்த டாக்குமென்ட்டை இப்படியே வெளியே விட்டுவிடாதே.

மனுஷன் படிக்கிற ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொன்று அழைக்கும் வழி) டாக்குமென்ட்டாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படிக்கப்போவது ஏஐ ஏஜென்ட். சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்க அதற்கு ஆள் கிடையாது. விவரக்குறிப்பில் இருப்பதை வைத்துத் தானே ஒரு முடிவுக்கு வந்து டூலை அழைத்துவிடும். நீயோ 'டிஎன்எஸ் ரெக்கார்டுகளை மொத்தமாக உருவாக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். காலேஜ் ரெக்கார்டு நோட்டிலும் இப்படித்தான் எழுதுவாய்! 100 ரெக்கார்டு அனுப்பி 61-ஆவது தவறாக இருந்தால் முதல் 60 என்ன ஆகும்? அதற்கு வரைவில் பதிலே இல்லை.

அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இல் ஒரு தொகுப்பு போனால் முழுதாகப் போகும். ஒன்று தவறினாலும் எதுவும் ஏறாது. உன் டூல் ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. அப்படியே இருக்கட்டும், ஆனால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடு. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனித்தனியே முடிவு திரும்ப வரட்டும்: அனுப்பிய வரிசை எண், புதிதாக உருவானதா, ஏற்கெனவே இருந்ததா, தோற்றதா, தோற்றால் எதனால். 'தோற்றதை மட்டும் திருத்தி மறுபடி அனுப்பு; டைம்அவுட் ஆகிப் பதில் வராமல் போனால் முதலில் பட்டியலை எடுத்துப் பார்' என்று கட்டளையாகவே எழுது. எழுதாவிட்டால் ஏஜென்ட் நூறையும் திரும்ப அனுப்பும்.

அனுப்பினால் என்ன என்கிறாயா? சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் ரெக்கார்டு) என்றால் கவலையில்லை. ஒரு பெயரில் சிநேம் இருந்தால் பக்கத்தில் இன்னொரு சிநேமோ, ஏ ரெக்கார்டோ (ஐபி முகவரி சொல்வது), எம்எக்ஸோ (மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்வது) இருக்கக்கூடாது, எரர் வந்து நின்றுவிடும். டெக்ஸ்ட் ரெக்கார்டு (வெறும் எழுத்தை வைத்திருப்பது) சத்தமே போடாது. ஒரே பெயரில் எத்தனை வேண்டுமானாலும் ஏறும். எஸ்பிஎஃப், அதாவது டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது, ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டுதான். முதல் தடவை அது 'டில்டே ஆல்' (மற்றவர்கள் அனுப்பினால் சந்தேகப்படு) என்ற முடிவோடு போகிறது, டைம்அவுட். அடுத்த தடவை ஏஜென்ட் அதையே 'மைனஸ் ஆல்' (மற்றவர்களை ஏற்காதே) என்று மாற்றி அனுப்புகிறது. இரண்டும் ஏறிவிட்டன, லாகில் எல்லாம் பச்சை. ஆனால் ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம். 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7208 (எஸ்பிஎஃப் விதிகளைச் சொல்லும் இணையத் தர ஆவணம்) படி இரண்டு இருந்தால் மெயிலைப் பெறுகிற சர்வர் பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) என்று முடிவு கட்டும். எவனோ ஒரு கடைக்காரனின் பில் மெயில் ஸ்பாமில் போய் விழும், காரணம் அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அதனால் எஸ்பிஎஃப் போடுமுன் இருப்பதைப் படி, இருந்தால் அதையே திருத்து என்று தனியாக ஒரு வரி வேண்டும்.

'பெயர்' புலத்துக்கு நீ விளக்கமே எழுதவில்லை. வெறும் 'மெயில்' என்று தருவதா, முழுப் பெயரையும் தருவதா? டூல் பின்னால் டொமைனை ஒட்டுகிறது. ஏஜென்ட் முழுப் பெயரைத் தந்தால் 'மெயில்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம்' என்று ஒன்று பிறக்கும். டிடிஎல் (ரெக்கார்டை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம் என்பது) வினாடியில் என்று போடு, இல்லாவிட்டால் 3600-க்குப் பதில் 'ஒரு மணி' என்று வந்து நிற்கும். எம்எக்ஸில் ஐபி முகவரி கூடாது, ஹோஸ்ட் பெயர்தான். டிகிம் சாவி (மெயிலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க டெக்ஸ்ட் ரெக்கார்டில் வைப்பது) 2048 பிட் என்றால் டெக்ஸ்ட்டின் ஒரு துண்டுக்கு உள்ள 255 பைட் வரம்பைத் தாண்டும். உன் டூலே பிரிக்கிறது இல்லையா, அதை எழுது. தெரியாத ஏஜென்ட் தானே பிரித்து மேற்கோள்குறி போட்டு அனுப்பும்.

உதாரணத்தில் உண்மையான டொமைனை வைத்திருக்கிறாய், இன்றைக்கே எடுத்துவிடு. ஏஜென்ட் உதாரணத்தை அப்படியே காப்பி அடிக்கும். எக்ஸாம்பிள்.காம், 192.0.2.10 இரண்டும் போதும்; டாக்குமென்ட்டுக்கென்றே ஒதுக்கி வைத்தவை.

ஏற்றிய பிறகு சரிபார்ப்பதும் இதே வம்புதான். ஏற்றுமுன் ஒரு தடவை அந்தப் பெயரை விசாரித்திருந்தால் 'இல்லை' என்ற பதிலை ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ்ஸில் தேடித்தரும் சர்வர்) பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை டொமைனின் எஸ்ஓஏ ரெக்கார்டு (டொமைனின் பொது விவரங்களைச் சொல்வது) தீர்மானிக்கும். ஏஜென்ட் அதை நம்பி, ஏறவில்லை என்று நினைத்து, இன்னொரு தடவை ஏற்றும். ரெக்கார்டுகளை அசலாக வைத்திருக்கும் டொமைனின் சொந்த நேம்சர்வரிடமே நேராகக் கேள் என்று எழுது.

ஞாயிறு காலை பஸ் பிடித்து வருகிறேன். ஒரு சோதனை டொமைன் தயாராக வை. 61-ஆவது ரெக்கார்டை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பச் சொல்லி, ஏஜென்ட் அடுத்து என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம்.

உன்
மாப்பிள்ளை