என் காலைக் கையில் ஏந்தியவர்களுக்கு

நான் சேலம் அம்மாபேட்டையில் 33 வருஷமாகத் தறி நெய்பவன். குழித்தறி. வெண்பட்டு வேட்டிதான் எங்கள் வேலை. வயது 57, சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று போன மார்கழியில் ஒரு இடத்தில் சொன்னார்களே, அந்த வலது கால் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்களிடம் நேரில் போய் நன்றி சொன்னால் "எங்க வேலையைத்தானே பார்த்தோம், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் யார் பேரும் இதில் இல்லை.

முதல் நன்றி என் வீட்டுக்காரம்மாவுக்கு. தறியில் உட்கார்ந்தால் கால் இரண்டும் குழிக்குள் மிதியின் மேல் இருக்கும். நாள் முழுக்க மிதித்து மிதித்து, வலது பாதத்தில் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் காய்ப்புக் காய்த்துப் போயிருந்தது. பிளேடால் சீவி விடுவேன். வலிக்காது. வலிக்காததுதான் நோயே என்று அப்போது எனக்குத் தெரியாது. போன வருஷம் ஆடியில் ஒரு சாயங்காலம், தறியை விட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், அவள் ஈரத்துணியோடு தரையில் குனிந்திருக்கிறாள். தறிக்குழியிலிருந்து அடுப்படி வரைக்கும், காலணா அகலத்தில் சிவப்பு வட்டங்கள். எட்டு இருந்தது. "யாரு கால்ல அடிபட்டுச்சு?" என்று கேட்டவன் நான்தான். அவள் பதில் சொல்லாமல் என் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

அப்புறம் ஐந்து மாதம் ஒரு இடத்தில் கட்டு மாற்றிக்கொண்டே இருந்தேன். புண் சுருங்கும், நாலு நாள் தறியில் உட்கார்ந்தால் மறுபடி வாய் திறக்கும். மார்கழியில் புண்ணிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. அப்போதுதான் காலை எடுத்துவிடலாம் என்றார்கள். எந்த இடம் என்று எழுதி யாரையும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாதத்துக்கு ரத்தம் ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல் அப்படிச் சொன்னது தப்பு. அதை எழுதாமல் விடவும் மனசு வரவில்லை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை கொண்டு வரும் தங்கச்சி, அந்த வாரம் வாசலில் நின்று மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். "கட்டைப் பிரிங்கண்ணா, பார்க்கிறேன்" என்றார். பார்த்தார். "நாளைக்குக் காலையிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், போகலைன்னா நானே வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றார். சொன்ன மாதிரியே காலை ஏழரைக்கு வந்து நின்றார். அந்தத் தங்கச்சிக்கு நானும் என் பிள்ளைகளும் பட்ட கடன் பெரியது.

பெரியாஸ்பத்திரியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாற்றம் அடிக்கும் என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பதறிக் காலை இழுத்தேன். நம் வழக்கத்தில் அடுத்தவர் மேல் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறோம். "கால் டாக்டர் கையில இருந்தாத்தாங்க கால்" என்று திரும்ப மடிக்கு இழுத்துக்கொண்டார்.

கண்ணை மூடச் சொல்லி ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழையாம் அது. தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில்தான் சொன்னேன். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஒரு இழை அறுந்தாலும் இருட்டில் விரலால் தடவிக் கண்டுபிடிப்பவன் நான். என் பாதத்தில் பட்ட இழை எனக்குத் தெரியவில்லை என்றபோது அழுதுவிட்டேன். அதன்பிறகு கணுக்காலில் ஒரு கருவியை வைத்தார், டாப்ளர் என்றார்கள். விசிறி வீசுவது போல 'உஸ், உஸ்' என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. "ரத்தம் நல்லா வருது. கால் இருக்கும்" என்றார். ரத்தக்குழாய் அடைத்திருந்தால் முதலில் அடைப்பைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக அறுவை செய்தாலும் புண் ஆறாது என்றும் விளக்கினார். கடைசியாக, சுத்தம் செய்த ஒரு கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்த்தார். கல்லில் தட்டின மாதிரி அது உள்ளே எலும்பில் முட்டியது. எக்ஸ்ரேயிலும் அந்த எலும்பின் தலை அரித்துப் போயிருந்தது.

இத்தனை மாதமாக எல்லோரும் புண்ணைத்தான் பார்த்தார்கள். புண் ஏன் அங்கே வந்தது என்று பார்த்தவர் இவர். என் பாதத்தை மேல்நோக்கி மடக்கினார், மடங்கவில்லை. சர்க்கரை பல வருஷம் ரத்தத்தில் கூடுதலாக இருந்தால், கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் நாண் விறைத்துப் போகுமாம். அப்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முன்பாதத்தில்தான் போய் விழும். "தறியில பாவு ரொம்ப இறுக்கமா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். "கொஞ்சம் தளர்த்துவேம்மா." "அதைத்தான் நாங்களும் பண்ணப் போறோம்." இதைவிடத் தெளிவாக எனக்கு யாராலும் புரியவைத்திருக்க முடியாது.

இரண்டு தடவையாகச் செய்தார்கள். முதல் தடவை செத்த சதையையும் சீழையும் ரத்தம் கசியும் நல்ல சதை வரைக்கும் எடுத்து, அரித்துப் போன எலும்பின் தலையையும் எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். விரல் அப்படியே இருக்கிறது. கிருமிக்கு ஏற்ற மருந்து ஏறி, சீழ் நின்று, இன்சுலினில் சர்க்கரையும் இறங்கிய பிறகுதான் இரண்டாவது. குதிகாலுக்கு மேலே மூன்றே மூன்று சின்னக் கீறல், அது வழியாக நாணை நீட்டிவிட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது அந்தத் தழும்பை எறும்பு கடித்த அடையாளம் என்றால் நம்புவீர்கள்.

அப்புறம் மாவுக்கட்டு. பாதத்தோடு ஒட்டினாற்போல, முழங்காலுக்குக் கீழே வரைக்கும், எடை ஒரே இடத்தில் விழாமல் பரவுகிற மாதிரி போடுவது. வாரம் ஒருமுறை வெட்டிப் பார்த்துப் புதிதாகப் போடுவார்கள். கட்டுப் போடும் தம்பிக்கு நன்றி. அவர்தான் பால் பிராண்ட் என்ற டாக்டரைப் பற்றிச் சொன்னார். 1914ல் நம் பக்கத்துக் கொல்லிமலையில் பிறந்தவராம். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அழுந்தித்தான் புண்ணாகிறது என்று காட்டியவர். பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய், இந்த மாதிரி மாவுக்கட்டைச் சர்க்கரைக்காரர்கள் காலுக்கும் போட்டவர். என் காலில் இருந்த கட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லிமலைக்காரர் இருந்தார் என்பது அந்த ஆறு வாரமும் எனக்கு ஒரு தெம்பு.

டிரெஸ்ஸிங் ரூம் அக்காவை எப்படிச் சொல்வது? முதல் அறுவைக்கும் மாவுக்கட்டுக்கும் நடுவில் தினமும் என் புண்ணைக் கழுவியவர் அவர். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போதும் என்னிடம் அவசரப்பட்டதில்லை. கழுவிவிட்டு ஒரு பேப்பர் ஸ்கேலை வைத்து அளப்பார். "நேத்து மூணு, இன்னிக்கு ரெண்டே முக்கால். சோறு சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்க" என்பார். அந்தக் கால் சென்டிமீட்டருக்காக ராத்திரியெல்லாம் காத்திருந்திருக்கிறேன்.

பக்கத்துப் படுக்கையில் ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு அண்ணன், காப்பித் தோட்டத்தில் வேலை. மார்கழிக் குளிருக்கு நெருப்பருகே காலை நீட்டியவர், உணர்ச்சி இல்லாததால் மேல்பாதம் வெந்ததே தெரியாமல் இருந்திருக்கிறார். அவருக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து அவர் வீட்டம்மா கொண்டுவரும் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு வரும். நன்றி அண்ணா. இனிமேல் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள், நெருப்பு வேண்டாம்.

நான் படுத்திருந்தபோது தறியில் ஏற்றிய பாவில் நாலு வேட்டி பாக்கி. எதிர்வீட்டுக்காரர் தன் தறியை முடித்துவிட்டு ராத்திரியில் என் தறியில் உட்கார்ந்து நெய்து, கூலியை என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ரூபாய் எடுத்துக்கொள்ளவில்லை. சிகிச்சைக்கு ஒரு பைசா கட்டாமல் வந்ததும், இந்தக் கூலியும் சேர்ந்ததால்தான் வீட்டில் நகை ஒன்றும் அடகுக்குப் போகவில்லை.

சித்திரையில் புண் மூடிவிட்டது. ஆனால் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள், அடங்கியிருக்கிறது என்று நினையுங்கள் என்றார் டாக்டரம்மா. இப்படி மூடிய புண் 100 பேரில் 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வருகிறதாம். அதனால் அளவெடுத்துச் செய்த, மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர் செருப்பு, வீட்டுக்குள்ளும் அதுதான். பிளேடைத் தொடுவதில்லை. ராத்திரி படுக்கும் முன் வீட்டுக்காரம்மா டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்ப்பாள். மிதிக்கிற வேலையை மகனிடம் விட்டுவிட்டு, இப்போது நான் தார் சுற்றிக் கொடுக்கிறேன், அதாவது நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் ஊடை நூலைச் சுற்றும் வேலை.

இந்த ஆடிக்குக் கோட்டை மாரியம்மனைப் பார்க்கப் போனோம். வருஷா வருஷம் வெறுங்காலோடு நடந்து போகிறவன், இந்த வருஷம் செருப்பைக் கழட்டாமல் தெருவிலேயே நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அம்மாவுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் டிரெஸ்ஸிங் ரூம் அக்கா தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். முதலில் என் காலைப் பார்த்தார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.