டிசம்பர் 12-க்கு முன்

புதுதில்லி, ஆர்.கே. புரம்
5 அக்டோபர் 2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். ஜெர்மனியில் நீ தங்கிப் படிப்பதற்கான அனுமதி அட்டையை நீட்டிப்பதைப் பற்றி நேற்றுத் தொலைபேசியில் பேசியபோது நீ, "அட்டைதான் டிசம்பர் 12 வரை செல்லுமே அப்பா, ஆய்வேட்டின் முதல் இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கிறேன்" என்றாய். அதைக் கேட்டுவிட்டு உன் அம்மா நிம்மதியாக உறங்கிவிட்டாள். எனக்கு உறக்கம் வரவில்லை. வாயால் சொன்னால் "சரிப்பா" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுத்தில் வைக்கிறேன்.

நீ சிறுமியாக இருந்தபோது, ஞாயிறுகளில் மலை மந்திர் முருகன் கோவிலுக்கு நடந்து போவோம். மற்ற நாள்களில் கிழக்கு பிளாக் பக்கமாக உன்னைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வேன். அங்கே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் முன்னால் ஆப்பிரிக்க, ஆப்கானிய மாணவர்கள் கோப்புறையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று ஒருமுறை கேட்டாய். 180 நாள்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் நம் நாட்டுக்கு வருகிறவர்கள் வந்து சேர்ந்த 14 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னேன். உனக்கு அது சுவைக்கவில்லை. 2018-க்குப் பிறகு அந்த வேலை பெரும்பாலும் இணையவழிக்குப் போய்விட்டது. இப்போது ஜெர்மனியில் அதே வரிசையில் நீ நிற்கிறாய். நீ அங்கே அயல்நாட்டவள் என்பதை உன் வகுப்பறை மறந்துவிடலாம். உன் அட்டையில் அச்சிட்ட தேதி மறக்காது.

உன்னிடம் இருப்பது அந்நாட்டு வதிவிடச் சட்டத்தின் 16பி பிரிவின் கீழ் படிப்புக்காகக் கொடுக்கப்பட்ட அனுமதி. அதே சட்டத்தின் 81-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவை நீ கட்டாயம் படிக்க வேண்டும். அனுமதி முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகம் முடிவு சொல்லும் வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கருதிக்கொள்ளும். அதற்குக் கொடுக்கும் சான்றுக்கு ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். பெயரைப் பார்த்து உன் அம்மா, "கதை விடுகிறார்களா?" என்றாள். கதை இல்லை, இல்லாததை இருப்பதாகக் கொள்ளும் சட்ட வழக்கம், செயலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்த எனக்கு இது பழகிய சங்கதிதான். ஆனால் அந்தச் சலுகை முழுவதும் "முடிவதற்குள்" என்ற ஒரே சொல்லில் தொங்குகிறது. ஒரு நாள் பிந்தினாலும், பிறகு நீ நம்பியிருக்க வேண்டியது அதிகாரியின் தயவை. நேரில் சந்திக்க நாள் கிடைப்பதில்லை என்கிறாய். அது அவர்கள் பாடு. உன் பங்கு, கெடுவுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்பதற்குத் தேதியிட்ட சான்றைக் கையில் வைத்திருப்பது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பட்டவன். ஒருமுறை இடமாற்றம் வந்தபோது அரசுக் குடியிருப்பில் இன்னும் சில மாதங்கள் தங்க அனுமதி கேட்டு எழுதி, உரிய நேரத்தில் ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். காகிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் பதிந்து தரும் டயரி எண்ணை வாங்காமல் வந்துவிட்டேன். காகிதம் காணாமல் போயிற்று. கொடுத்ததாக நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. அபராத வாடகையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த ஆண்டுதான் உனக்குத் தீபாவளிக்கு ஒரே ஒரு சட்டை.

அடுத்தது பணம். நீ போன 2023-இல், உன் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டுவதற்கான முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில், அதாவது பிளாக்டு அக்கவுண்டில், ஆண்டுக்கு 11,208 யூரோ, அதாவது மாதம் 934 போட்டோம். 2024 செப்டம்பர் முதல் அது 11,904, மாதத்துக்கு 992 ஆகிவிட்டது. பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதே. பகுதிநேர வேலையின் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து வை. குறைவதை வைப்புத்தொகையிலிருந்து எடுத்து அனுப்புகிறேன், அதற்குச் சங்கடப்பட வேண்டாம். வேலை நாள்களின் கணக்கும் உன்னிடம் இருக்கட்டும்: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று கூட்டியிருக்கிறார்கள் என்பதற்காக அதையும் தாண்டிவிடாதே. நான்கு பருவப் படிப்பில் நீ ஐந்தாவது பருவத்தில் இருக்கிறாய். ஆய்வேடு எப்போது முடியும் என்று உன் பேராசிரியரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டால், நியாயமான காலத்தில் படிப்பு முடியுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்கும்போது உதவும்.

ஆகஸ்டில் அறை மாறினாயே, இரண்டு வாரத்துக்குள் புதிய முகவரியைப் பதிவு செய்தாயா? தபால் பெட்டியில் உன் பெயர் ஒட்டியிருக்கிறதா? அங்கே பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும் என்று நீதான் சொன்னாய். பாஸ்போர்ட்டின் முடிவுத் தேதியையும் பார். அதைத் தாண்டி அனுமதி கொடுக்க மாட்டார்கள்.

உன் அம்மா ஒரு யோசனை சொல்கிறாள்: வீட்டுக்கு வந்து, சோறு தின்றுகொண்டே ஆய்வேட்டை எழுதினால் என்ன என்கிறாள். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அந்நாட்டுக்கு வெளியே இருந்தால் அனுமதி தானாகவே அற்றுப்போகும் என்று அவளுக்கு விளக்கிவிட்டேன். அரை மனத்தோடு ஒப்புக்கொண்டாள்.

தை மாதம் சித்தப்பா மகள் திருமணம். அந்த ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் சான்றைக் கொண்டு பயணம் செய்ய முடியும் என்பது சட்டம். இங்கே விமான நிலையத்தில் மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. புது அட்டை கைக்கு வந்தால் வா. வராவிட்டால் சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் இரண்டு நாள் முறைத்துவிட்டுச் சரியாகிவிடுவார்.

இந்த வாரமே விண்ணப்பத்தை அனுப்பு. அனுப்பியதற்கான ரசீது வந்ததும், இங்கே நடுநிசியாக இருந்தாலும், அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதன் பிறகுதான் விமானச் சீட்டின் விலையைப் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் அப்பா