தருமபுரி, நமது குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

அன்புள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் இப்போது 112 குடும்பங்கள். பூங்கா போர்வெல் மோட்டார் இரண்டு முறை காயில் எரிந்து, மூன்றாவது முறை புது மோட்டாரே போட்டுவிட்டோம். மூன்றாவது குறுக்குத் தெரு விளக்குகள் ஐந்து மாதம் அலைந்த பிறகு எரிகின்றன. மாதக் கூட்டம் டிசம்பர் தவிர எல்லா மாதமும் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

டிசம்பரில் ஏன் நடக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் அடங்காமல் நம் பக்கம் வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. அரிசி, போர்வை, பாத்திரம், குழந்தைகளுக்குத் துணி என்று இரண்டு வேன் நிறைய அனுப்பினோம். வேனில் கூடவே போய் இறக்கிவிட்டு வந்த இளைஞர்களுக்கு இந்த மேடையில் நன்றி.

அந்த வாரம்தான் ஒரு கேள்வி எழுந்தது. ஊர் இப்படி இருக்கும்போது ஜனவரியில் வியட்நாம் பயணம் போகலாமா? கேட்டவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை, நியாயமான கேள்வி. பணம் முழுதும் கட்டியாகிவிட்டது, ரத்து செய்தால் பெரும்பகுதி திரும்ப வராது. அதனால் போகிறவர்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் நிவாரணத்துக்குத் தனியாகக் கொடுப்பது என்று செயற்குழுவில் முடிவாயிற்று. ஒருவர் விடாமல் கொடுத்தார்கள்.

இனி பயணம். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதுதான், ஏனென்றால் சங்கம் தொடங்கியதிலிருந்து நாம் நாடு தாண்டிப் போனது இதுவே முதல் தடவை.

2023 நவம்பரில் ஆரம்பித்து மாதம் 5,000 வீதம் பதினான்கு மாதம் கட்டினோம். யாரும் கடன் வாங்கக் கூடாது, நகையை அடகு வைக்கக் கூடாது என்பதுதான் நாங்கள் வைத்த ஒரே நிபந்தனை. ஆளுக்கு 68,500 ரூபாய். அதற்கு மேல் டி.சி.எஸ்., அதாவது வெளிநாட்டுப் பயணத் தொகையோடு சேர்த்து வசூலிக்கும் வரி, அப்போது 5 சதவீதம், 3,425 ரூபாய். இது செலவு அல்ல, உங்கள் பான் எண்ணில் வரியாக வரவு வைக்கப்பட்டிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். வரி வரம்புக்குள் வராத ஓய்வூதியர்களும் தாக்கல் செய்தே ஆக வேண்டும். இன்னும் செய்யாதவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பாருங்கள்.

புறப்பட்டவர்கள் 24 பேர், அதில் 15 பேர் பெண்கள். பதினொரு பேர் விமானத்தில் ஏறுவது அதுவே முதல் முறை.

விசாவில் ஒரு சிக்கல் வந்தது, அடுத்த முறை போகிறவர்கள் கவனிக்க வேண்டும். வியட்நாமுக்கு ஆன்லைனிலேயே இ-விசா கிடைக்கிறது, ஒரு முறை நுழைய 25 டாலர். நம்மில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது. ஏஜென்ட் ஆதாரைப் பார்த்துப் பதிவு செய்ததில் மூன்று பேருக்குப் பெயர் தவறாக வந்து, மறுபடி பணம் கட்டி வாங்க வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்.

பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் இரவு நாலு ரோட்டிலிருந்து வேன் ஏறினோம். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு விமான நிலையம், அங்கிருந்து கோலாலம்பூர், மாறி ஏறி வியட்நாம் தலைநகர் ஹனோய். அங்கே நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். இறங்கியதும் குளிர், பொடித் தூறல் வேறு. வத்தல்மலையில் மார்கழிக் காலையில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஹனோய் தெருக்களைப் பார்த்ததும் எங்கள் களைப்பு போய்விட்டது. நாம் பொங்கலை முடித்துக்கொண்டு போயிருந்தோம், அவர்கள் ஜனவரி 29இல் வரும் ‘டெட்’ புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஆள் உயரப் பீச் மரக்கிளை, இலையே இல்லாமல் ரோஜா நிறப் பூ மட்டும். இன்னொரு வண்டியில் தொட்டியோடு ஒரு சின்ன ஆரஞ்சு மரம், எலுமிச்சையைவிடச் சிறிய பழங்கள் நூற்றுக்கணக்கில். ஓட்டுபவரின் தலை மரத்துக்குள் மறைந்தே போயிருந்தது. புத்தாண்டுப் பலகாரம் என்று இலையில் சதுரமாகக் கட்டி வேகவைத்த ஒன்றை வழிகாட்டித் தம்பி பிரித்துக் காட்டினார். பச்சரிசி மாதிரி ஒட்டும் அரிசி, நடுவில் பாசிப்பருப்பு, அதோடு பன்றிக்கறி. பாசிப்பருப்பைப் பார்த்ததும் நம் பெண்கள் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஹனோய்க்குத் தலைநகர் வந்தது 1010இல். அப்போது அதன் பெயர் தாங் லாங், எழும் டிராகன் என்று பொருள். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பியதும் அதே 1010 என்று நம் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் பேருந்திலேயே எழுந்து நின்று சொன்னார். மறுநாள் இலக்கியக் கோயிலில் அவரை வெளியே கூட்டி வருவதே சிரமமாகிவிட்டது. 1070இல் கட்டியது. அந்தக் கால அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, ஒவ்வொரு கல்லையும் ஓர் ஆமையின் முதுகில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், 82 கற்கள் இருக்கின்றன. முப்பது வருஷம் பாடம் நடத்திய ஒருவர் அந்த வரிசையின் முன் கண் கலங்கி நின்றதைப் பார்த்தேன்.

வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னின் உடல் வைத்திருக்கும் நினைவிடம் திங்கள், வெள்ளியில் திறப்பதில்லை, மற்ற நாட்களிலும் காலையில் மட்டும்தான். நாங்கள் செவ்வாய்க்கிழமை போனோம். படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது, நிற்கவும் கூடாது, நடந்துகொண்டே பார்க்க வேண்டும். நம் நகரின் ஓய்வுபெற்ற கண்டக்டர், பழைய தொழிற்சங்கத்துக்காரர், வியட்நாம் போர்க் காலத்தில் ஊர்வலம் போனவர். வெளியே வந்து கால்மணி நேரம் யாரிடமும் பேசவில்லை.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. அப்போது ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 290 டாங். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீல நிறம், இரண்டிலும் ஹோ சி மின் படம். முதலாவது நம் 70 ரூபாய் கூட இல்லை, இரண்டாவது 1,700 ரூபாய். ஏரிக்கரையில் தேநீர் விற்ற ஒரு பாட்டியிடம் நம் உறுப்பினர் ஒருவர் பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டு நடக்க, அந்த அம்மா கூட்டத்துக்குள் ஓடி வந்து முழங்கையைப் பிடித்து நிறுத்தித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் ஹா லாங் விரிகுடா. போகும் வழியில் ஒரு முத்துக் கடையில் இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் வீணாக்கினார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத கடை. இதை ஏற்பாட்டாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன், அடுத்த ஒப்பந்தத்தில் ‘கடை நிறுத்தம் கூடாது’ என்று எழுதி வாங்குவோம்.

படகு பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். மூன்று தளம், பன்னிரண்டு அறை, எங்களுக்கு மட்டும். ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போடுவது என்று காட்டினார்கள், நான் 24 பேரையும் போட்டுக் கழற்ற வைத்தேன். கரை விலகியதும் கடலுக்குள்ளிருந்து மலைகள் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன, ஏறத்தாழ இரண்டாயிரம் தீவுகள், பெரும்பாலானவற்றில் ஆள் கிடையாது. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். ஹா லாங் என்றால் இறங்கும் டிராகன். எழும் டிராகனிலிருந்து புறப்பட்டு இறங்கும் டிராகனுக்கு வந்திருக்கிறோம் என்று வரலாற்று ஆசிரியர் இங்கும் எழுந்து நின்றார்.

போ ஹோன் தீவில் சுங் சோட் குகைக்குள் போனோம். கிரானைட் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் வெளியே இருந்த பாறையை விரலால் தடவிப் பார்த்து, இது சுண்ணாம்புக்கல், நம்மூர்க் கல்லில் இந்த வேலை நடக்காது என்றார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்துக் குடைந்துவிடுகிறது. கரைந்தது சொட்டுச் சொட்டாக உறைந்து கூரையிலிருந்து விழுதாகத் தொங்குகிறது. அப்புறம் டி டோப் தீவு, சோவியத் விண்வெளி வீரர் திதோவ் 1962இல் ஹோ சி மின்னோடு வந்ததால் அந்தப் பெயர். உச்சிக்கு நானூறு படிக்கு மேல். பாதிப் பேர் ஏறினார்கள், மீதிப் பேர் கீழே மணலில் உட்கார்ந்திருந்தார்கள். 71 வயதான நம் அக்கா ஒருவர் கால்வாசிப் படியில் உட்கார்ந்து, எனக்கு இங்கிருந்தே போதும்ப்பா, நீ போ என்றார்.

சாப்பாட்டில் சைவத்துக்குக் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. அங்கே எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுகிறார்கள், கீரையில்கூட. ‘சாய்’ என்று சொன்னால் சைவம் என்று அர்த்தம், இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். படகுச் சமையல்காரர் புரிந்துகொண்டு வள்ளைக்கீரையைப் பூண்டு மட்டும் போட்டு வதக்கி, சோயாக் கட்டியைத் தக்காளியில் வேகவைத்துத் தந்தார். புளி மண்டி வைத்திருக்கும் நம் அண்ணன் வீட்டிலிருந்து கட்டி வந்த புளிக்காய்ச்சல் அந்த வெள்ளைச் சோற்றில் சேர்ந்ததும் மேசையே அமைதியாகிவிட்டது. சமையல்காரரும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரவு படகு நங்கூரம் போட்டு நின்றது. பின்பக்கம் ஒரு விளக்கைத் தண்ணீருக்கு மேல் எரியவிட்டு, மூங்கில் கோல் கொடுத்துக் கணவாய் பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒன்றே ஒன்று சிக்கியது, அதையும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டோம். யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை, காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மேல்தளத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அப்போதுதான் வழிகாட்டித் தம்பி 2024 செப்டம்பர் 7ஆம் தேதியைப் பற்றிச் சொன்னார். யாகி புயல் நேராக அந்தக் கரையில்தான் ஏறியிருக்கிறது. பகலில் தீவுகளின் மேல் மொட்டையாக நின்ற மரங்களை நாங்கள் பார்த்திருந்தோம், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. ஹை போங் நகரில் அவர் அம்மா வீட்டுக் கூரைத் தகடு பறந்துபோய், அம்மா ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறார். ஆங்கில ஆசிரியராக இருந்த நம் உறுப்பினர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்ததும் அரூரிலிருந்து வந்து நம் நகரில் குடியேறிய தம்பதி பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் அண்ணன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், மாட்டை அவிழ்த்துவிடக்கூட நேரமில்லை. பதினைந்து வருஷமாக ஒரே தெருவில் இருக்கிறோம், வேன் நிறைய அரிசி அனுப்பியிருக்கிறோம், ஆனால் அந்த வீட்டில் நடந்தது எனக்கு அன்றுதான் தெரியும். ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல, அந்தத் தம்பி எழுந்து வந்து அரூர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு மணி தாண்டித்தான் எல்லோரும் அறைக்குப் போனார்கள்.

மறுநாள் ஹனோய் திரும்பி நீர்ப் பொம்மலாட்டம், நன்றாக இருந்தது, பாதிப் பேர் களைப்பில் தூங்கிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் நின் பின் பக்கம் தாம் கோக்கில் படகுச் சவாரி. அங்கே பெண்கள் சாய்ந்து உட்கார்ந்து காலால் துடுப்புப் போடுகிறார்கள், கை இரண்டும் சும்மா இருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் உறவுக்காரர் உள்ள நம் அக்கா ஒருவர், தானும் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கி நாலு வீச்சு போட்டார். படகு சுற்றியது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே அக்காவின் குதிகாலைப் பிடித்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார்.

திரும்பி வந்ததும் 24 பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், எது பிடித்தது என்று. பத்தொன்பது பேர் படகில் இருந்த ராத்திரி என்றார்கள். ஐந்து இரவில் மூன்று ஊர், ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு எழுந்து பேருந்துக்கு ஓடினோம், சிலருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. என் தீர்மானமான கருத்து, இடங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மெதுவாக நடக்கிறவரின் வேகம்தான் நம் சங்கத்தின் வேகம். செயற்குழு ஒப்புக்கொண்டுவிட்டது, இன்று பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 19இல் அதே ஹா லாங் விரிகுடாவில் திடீர்ப் புயல்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். செய்தி வந்த இரவு என் போன் ஓயவில்லை. வழிகாட்டித் தம்பிக்குச் செய்தி அனுப்பினோம், அவர் அந்தப் படகில் இல்லை, நலமாக இருக்கிறார். இனி தண்ணீரில் போகும் எந்தப் பயணமும் அந்த ஊரின் புயல் மாதங்களில் கிடையாது. படகு ஓடும் நேரம் முழுக்க ஜாக்கெட் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பயணக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம்.

அடுத்த பயணம் 2027 ஜனவரியில், இலங்கை. கண்டி, திருகோணமலை, இரண்டே ஊர். மாதம் 4,000 வீதம் செப்டம்பரிலிருந்து கட்ட வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் பாஸ்போர்ட் நகலையும் கொண்டுவாருங்கள், போகும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். அரூர் அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார், ஹை போங் தம்பியின் அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி ஒரு கிலோ புளியும் கொடுத்திருக்கிறார். பார்சல் போன வாரம் போய்விட்டது.

இப்படிக்கு,
செயலாளர்