பழுது பார்க்கக் கொடுத்த .22 ரைபிள் கூடுதல் பழுதோடு திரும்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
துப்பாக்கி உரிமதாரர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
துப்பாக்கி விற்பனை மற்றும் பழுதுநீக்கும் நிறுவனம்.

நாள்: 20.1.2025

மதிப்பிற்குரிய ஐயா,

2024 ஜூலையில் என் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளை உங்களிடம் பழுது பார்க்கக் கொடுத்தேன். டிசம்பர் கடைசியில் திருப்பிக் கொடுத்தீர்கள். 6,800 ரூபாய் கட்டினேன், ரசீது இருக்கிறது. கொடுக்கும்போது அதில் ஒரு பழுது இருந்தது. இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டாவது உங்கள் கடையில் வந்தது. அதை வெறுமனே குற்றமாகச் சொல்லாமல், எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

இந்த ரைபிள் செக்கோஸ்லோவாகியாவில் செய்தது. எங்கள் அப்பச்சி 1961 இல் சென்னையில் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் முயலுக்கும் கவுதாரிக்கும் கொண்டு போயிருக்கிறார்கள். 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. அவர்கள் காலமான பின் வாரிசு என்ற முறையில் உரிமம் என் பெயருக்கு மாறியது. ரைபிள் கிளப்பில் 50 மீட்டர் குறி சுடுவதற்கு மட்டும் எடுக்கிறேன். இதைச் சொல்லக் காரணம், உங்கள் ஆள் முதல் நாளே "வேட்டைக்குத்தானே சார்?" என்று சிரித்தார். எங்கள் மாவட்டத்தில்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, பழுதுக்கு வருகிறேன்.

நாடாளுமன்றத் தேர்தலுக்காக 2024 மார்ச்சில் ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவு வந்த பிறகு ஜூனில் திரும்ப வாங்கினேன். துடைத்து, எண்ணெய் போட்டு, கிளப்பில் 20 தோட்டா சுட்டுப் பார்த்தேன். அதில் 4 முறை சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே போய் விழவில்லை. தோட்டா உட்காரும் அறையான சேம்பரை விட்டு ஒழுங்காக வந்தது, வந்து தோட்டா அடுக்கும் மேகசின் மேலேயே படுத்துக்கொண்டது. போல்ட்டை, அதாவது கையால் இழுத்துத் தள்ளும் பூட்டுத் தண்டை, வேகமாக இழுத்தால் சில முறை விழுந்தது, மெதுவாக இழுத்தால் அங்கேயே கிடந்தது.

அப்பச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், எடுப்பது வேறு, எறிவது வேறு. போல்ட் முகத்தில் இருக்கிற கொக்கி, அதாவது எக்ஸ்ட்ராக்டர், தோட்டாவின் விளிம்பைப் பிடித்துச் சேம்பரிலிருந்து எடுக்கிறது. பின்னால் அசையாமல் நிற்கிற ஒரு மெல்லிய தகடு, அதாவது எஜெக்டர், கூட்டின் அடியில் இடது பக்கம் இடிக்கிறது. வலது பக்கத்தைக் கொக்கி பிடித்திருப்பதால் கூடு சுழன்று வெளியே தெறிக்கிறது. ஆகவே, கூடு சேம்பரிலேயே நின்றுவிட்டால் முதலில் கொக்கியைப் பார்க்க வேண்டும், சேம்பரைப் பார்க்க வேண்டும். சேம்பரை விட்டு வந்த பிறகு விழாமல் கிடந்தால் எறிகிற தகட்டைப் பார்க்க வேண்டும், அத்தோடு கொக்கியின் ஸ்பிரிங் கூட்டைத் தகட்டுக்கு நேராக இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். .22 தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகு பூசியிருப்பார்கள். அந்த மெழுகும் மருந்துக் கரியும் சேர்ந்து கொக்கிக்கு அடியில் பிசின் மாதிரி அடைந்துகொள்ளும். அதைக் குச்சியால் நானே சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். அப்புறமும் பழுது நின்றது.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, "20 இல் 4, எல்லாம் மேகசின் மேல், சேம்பரில் ஒன்றும் சிக்கவில்லை, எஜெக்டர் முனையைப் பார்க்கவும்" என்று கோடு போட்டு ரைபிளோடு கொடுத்தேன். வாங்கி ரசீதோடு பின் அடித்து வைத்தீர்கள். பிறகு அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

எஜெக்டரை உங்கள் ஆட்கள் தொடவே இல்லை. அதைப் பிடித்திருக்கிற திருகின் வெட்டில் அடைந்திருந்த பழைய அழுக்கு அப்படியே இருக்கிறது. திருப்புளி பட்டால் அது இருந்திருக்காது. அதற்குப் பதிலாக, நன்றாக இருந்த வலது கொக்கியைக் கழற்றிவிட்டுக் கையால் ராவிய ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். "எக்ஸ்ட்ராக்டர் மாற்றம்" என்று பில்லிலேயே இருக்கிறது. கழற்றிய கொக்கி எங்கே? பில்லோடும் வரவில்லை, உறையிலும் இல்லை. 1980களில் இறக்குமதி நின்ற பிறகு இந்த மாதிரி ரைபிளுக்கு அசல் பாகம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பழுதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்டோபரில் வேலை முடிந்ததா என்று கேட்க நேரில் வந்தேன். உங்கள் கவுன்டரில் ஒரு பையன் என் ரைபிளை வைத்துக்கொண்டு வேறொரு வாடிக்கையாளருக்கு டிரிக்கர் எவ்வளவு மென்மை என்று காட்டிக்கொண்டிருந்தான். தோட்டா இல்லாமல் போல்ட்டை ஏற்றுவதும் தட்டுவதுமாக, நான் பார்க்கவே எட்டு பத்து முறை. நிறுத்தச் சொன்னேன். "ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள்.

ஆகிவிட்டது. .22 தோட்டாவில் தட்டினால் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லை, விளிம்பைச் சுற்றி இருக்கிறது. போல்ட்டுக்குள் இருக்கிற ஊசி அந்த விளிம்பைச் சேம்பர் வாயின் ஓரத்தோடு வைத்து நசுக்குகிறது. தோட்டா இல்லாவிட்டால், பழைய .22 ரைபிள்கள் பலவற்றில் ஊசி நேராக எஃகு ஓரத்தில் விழும். விழுந்து விழுந்து அங்கே பள்ளமாகும், அந்தப் பள்ளத்தின் இரும்பு சேம்பருக்குள் பிசிறாக நீட்டிக்கொள்ளும். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து அந்தப் பிசிறில் மாட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் 63 வருஷமாக யாரும் இதை வெறுமனே தட்டியதில்லை. சின்னப் பிள்ளையாக நான் ஒரு முறை தட்டப்போய் அப்பச்சியிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

டிசம்பரில் வாங்கி வந்ததும் மறுபடி 20 தோட்டா சுட்டேன். 3 கூடு பழையபடி மேகசின் மேல் கிடந்தது. 6 கூடு சேம்பரிலேயே சிக்கிக்கொண்டது. ராவிய கொக்கி விளிம்பை விட்டு நழுவி வருகிறது. சுடாத தோட்டாவைப் போட்டு எடுத்தால் தடையில்லாமல் வருகிறது, சுட்ட கூடு மட்டும்தான் நிற்கிறது. சிக்கிய ஆறு கூட்டிலும் விளிம்பை ஒட்டி ஒரு கீறல் இருக்கிறது, ஆறிலும் ஊசி விழுந்த தழும்புக்கு நேர் கீழே. டார்ச் அடித்துச் சேம்பர் வாயைப் பார்த்தால் அதே இடத்தில் பள்ளம். புகைப்படங்கள் இணைத்திருக்கிறேன். நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி, குழாய் முனையிலிருந்து கம்பி விட்டுத் தள்ளி எடுத்தேன். குழாய் முனையில் கம்பி உரசினால் குறி கெடும் என்று தெரிந்தும் வேறு வழியில்லை. இது தொல்லை மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. விழாத கூட்டைக் கவனிக்காமல் போல்ட்டைத் தள்ளினால் அடுத்த சுடாத தோட்டா அதன்மேல் மோதி நடுவில் நெருக்கிக்கொள்ளும். விளிம்பு நசுங்கினால் வெடிக்கக்கூடிய தோட்டா இது. போல்ட் பூட்டாத நிலையில் அது வெடித்தால் என் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "பழைய துப்பாக்கி சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னார்கள். எங்கள் வீட்டு நிலைக்கதவுப் பூட்டு இந்த ரைபிளை விடப் பழையது. ஒரே திருப்பில் இன்றும் திறக்கிறது. வருஷா வருஷம் கழற்றித் துடைத்து எண்ணெய் போடுகிறோம். பழசு என்பதால் எதுவும் தானாகக் கெடுவதில்லை.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் எஜெக்டர் தகட்டின் முனையை அரை நாளில் சரி செய்துவிடுவார். நான் கொண்டு போகவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கூடாது. அதனால்தான் கார் வைத்துக்கொண்டு உங்களைத் தேடி வந்தேன். வேறு இடத்துக்குப் போக முடியாத வாடிக்கையாளர் என்பதாலேயே எங்கள் விஷயத்தில் உங்களுக்குப் பொறுப்பு அதிகம்.

எனக்கு வேண்டியவை இவை. என் பழைய கொக்கி திரும்ப வேண்டும். சேம்பர் வாயின் பிசிறை, அதற்கென்று இருக்கிற கூம்பு வடிவக் கடின எஃகுக் கருவியை உள்ளே செலுத்தி, இரும்பைப் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ள வேண்டும். அரத்தால் ராவக் கூடாது. ராவினால் அந்த இடத்தில் விளிம்புக்கு முட்டு இல்லாமல் போய் ஊசி அடித்தாலும் தோட்டா வெடிக்காமல் போகலாம். எஜெக்டர் முனையைச் சரி செய்ய வேண்டும். இவ்வளவும் நான் பக்கத்தில் இருக்கும்போது நடக்க வேண்டும், வேலை தெரிந்த ஒருவர் செய்ய வேண்டும். கூலி வாங்காமல் செய்து, கட்டிய 6,800 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். இதற்காக நான் செலவழித்த தோட்டாக்களுக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் உரிமத்தில் எனக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று கணக்கு இருக்கிறது. உங்கள் தவறைக் கண்டுபிடிக்க அதில் 20 போய்விட்டது.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, சிவகங்கை நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு வேண்டிய பில், ரசீது, புகைப்படம், நான் எழுதிக் கொடுத்த தாளின் நகல் எல்லாம் தயாராக இருக்கின்றன.

நாள் குறித்துச் சொல்லுங்கள், ரைபிளைக் கொண்டு வருகிறேன். அதுவரை அந்தப் பழைய கொக்கியைத் தேடி எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர்.