தறியில் நின்ற கோடு

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் தறி நெய்யும் அனைவருக்கும், அப்பா பாதியில் விட்டுப்போன வேட்டியை முடித்துக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கமும் நன்றியும்.

சென்ற தை மாதம் அப்பா மறைந்தபோது குழிக்குள் காலை விட்டு நெய்யும் எங்கள் குழித்தறியில் ஒரு வெண்பட்டு வேட்டி நின்றது. 8 முழத்தில் 5 முழம் நெய்திருந்தார். காரியங்களெல்லாம் முடிந்து தறி அறையைத் திறக்க எங்களுக்கு மனம் வந்தபோது 40 நாள் கடந்திருந்தது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலை அறுத்து எடுத்துவிடலாம் என்றுதான் நானும் தம்பியும் பேசிக்கொண்டோம். அதைக் கேட்டதும், "நெய்த கை போனாலும் நெய்தது நிற்கிறது, அதில் கத்தி வைக்காதீர்கள்" என்று எங்களைத் தடுத்து, மறுநாள் விடியற்காலையிலேயே குழியில் இறங்கி உட்கார்ந்தார் எதிர்வீட்டுப் பெரியப்பா. அவருக்குத்தான் முதல் நன்றி. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறுந்துகிடந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைத்த மூன்றாம் வீட்டு அக்காவுக்கும், நாள் தவறாமல் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்த அத்தைக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

நெய்து முடித்து விரித்தபோது, ஐந்தாம் முழத்தில் கரைக்குக் கரை ஒரு மெல்லிய கோடு ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் துணி சற்று நெகிழ்ந்திருந்தது. அப்பாவின் வலத்தோள் இரண்டு வருடமாகவே வலுவிழந்திருந்ததால் குறுக்கு நூலை நெருக்கித் தள்ளும் அவருடைய அடியில் பழைய அழுத்தம் இல்லை. இந்தப் பக்கம் பெரியப்பாவின் நெசவு, நெருக்கமாகவும் கெட்டியாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கை மாறிய இடம் விரலுக்குத் தெரிகிறது.

இந்தக் கோடு எப்படி விழுந்தது என்பதை விளக்கியவன், 1960 முதல் சேலத்தில் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த எங்கள் தெருப் பையன். இழுவையோடு நாள்கணக்கில் நிற்கும் பாவு நீண்டுவிடும். மீண்டும் நெய்யத் தொடங்கும்போது முதலில் விழும் ஊடை இழைகள், அதாவது குறுக்கு நூல்கள், முன்போலப் படியாமல் கோடாக நிற்கும். அதனால்தான் தறியை விட்டு எழும்போது பாவைத் தளர்த்திவிட வேண்டும் என்பார்கள். அப்பா ஒருநாளும் அதை மறந்தவர் அல்லர். அன்று மட்டும், சாப்பிட்டுவிட்டு வந்து இன்னும் ஒரு சாண் நெய்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பாவைத் தளர்த்தாமலேயே எழுந்திருக்கிறார்.

இதைக் கேட்ட பிறகு அந்தக் கோட்டைக் குறை என்று சொல்ல எங்கள் வீட்டில் எவருக்கும் வாய் வரவில்லை. திரும்பி வருவதாக நினைத்துத்தான் அவர் எழுந்தார் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே தடயம் அதுதான்.

ஒரு கடையில் இதைக் காட்டியபோது இரண்டாம் தரம் என்று பாதி விலை சொன்னார்கள். விசைத்தறியின் ஒரே சீரான அடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் படும். நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இருக்க இரு கரையிலும் ஊசிமுனை குத்தி நிறுத்துவதால் ஏற்படும் சிறு துளைகளைக்கூட ஓட்டை என்று திருப்பித் தருகிறவர்கள் உண்டு. அந்தத் துளைகள் ஓட்டையல்ல, நெசவின்போது விழும் தடம் என்பதை வாங்குகிறவர்களுக்கு நாம்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டும் இப்படிப்பட்ட கைகளிலிருந்துதான் வருகிறது.

பட்டும் ஜரிகையும் கொடுத்து அப்பாவிடம் கூலிக்கு நெய்வித்த முதலாளியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். முறைப்படி வேட்டி அவருக்குச் சொந்தம். அவரோ அதை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கோட்டின் மேல் ஒருமுறை விரலை ஓட்டி, மடித்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். நூலுக்கும் ஜரிகைக்கும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அப்பாவின் பங்குக் கூலியையும் பெரியப்பாவின் பங்கையும் முழுதாகவே கணக்குத் தீர்த்தார். பெரியப்பா தம் பங்கை வாங்க மறுத்து, அதைத் தறியின் மேலேயே வைத்துவிட்டுப் போனதையும் நாங்கள் மறக்கமாட்டோம்.

அப்பாவின் தலைத்திவசம் முடிந்ததும் தம்பியின் திருமணம் நடக்கவிருக்கிறது. அன்று அவன் உடுத்தப்போவது இந்த வேட்டியைத்தான். கோடு வெளியே தெரியும்படி கட்ட வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். நீங்கள் அனைவரும் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் அமர வேண்டும்.