உறையில்லாத் தோட்டா என்று விற்றுவிட்டுப் பித்தளை உறையோடு அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எம்41ஏ பல்ஸ் ரைபிள் முழு அளவு மாதிரியும் தோட்டா செட்டும் – விளம்பரத்துக்கு மாறான பொருள் – மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 1986-இல் வெளிவந்த ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' படத்தில் விண்வெளி வீரர்கள் ஏந்தி வரும் கற்பனைத் துப்பாக்கியான எம்41ஏ பல்ஸ் ரைபிளின் முழு அளவு மாதிரியை உங்களிடம் வாங்கினேன். சுடாது, அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான். அதோடு தனியாகக் காசு கொடுத்துத் தோட்டா செட் ஒன்றும் வாங்கினேன். 10×24 மி.மீ., உறையில்லாதது, வெடிக்கும் முனை கொண்டது என்று உங்கள் விளம்பரத்திலேயே போட்டிருந்தீர்கள். வந்து சேர்ந்ததோ பளபளவென்று பித்தளை முலாம் பூசிய உறைகள். அடியில் விளிம்பு, நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வட்டம், அதைச் சுற்றிப் பொடி எழுத்துகூடப் பொறித்திருக்கிறீர்கள். வேலை நேர்த்திதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வாங்கியது இது இல்லை.

போன் செய்தபோது எடுத்த தம்பி, "சார், தோட்டான்னா உறை இருக்கத்தானே செய்யும், உறை இல்லாம எப்படி சுடும்?" என்று கேட்டார். நான் விளக்க ஆரம்பித்ததும், "படத்துலயே பித்தளை தெறிச்சு விழுதே சார்" என்றார். போனில் அவருக்குப் பொறுமை இல்லை. அதனால் இரண்டுக்கும் பதிலை எழுத்தில் தருகிறேன்.

வழக்கமான தோட்டாவில் வெடிமருந்தைப் பித்தளை உறைக்குள் அடைத்து, அதன் வாயில் குண்டைச் செருகியிருப்பார்கள். சுட்டதும் குண்டு முன்னால் பாயும், காலி உறை பக்கவாட்டில் தெறிக்கும். உறையில்லாத் தோட்டாவில் அந்த வெடிமருந்தையே கட்டியாக இறுக்கி, குண்டை அதற்குள் பதித்துவிடுகிறார்கள். சுட்டால் கற்பூரம் மாதிரி மொத்தமும் எரிந்துபோகும், வெளியே தள்ள எதுவும் மிஞ்சாது. பித்தளையின் எடை இல்லாததால் வீரன் கூடுதல் தோட்டா சுமக்கலாம். இது சினிமாக்காரர்களின் கற்பனை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கு ஜெர்மனியில் ஹெக்லர் அண்ட் கோச் நிறுவனம் ஜி11 என்ற துப்பாக்கியை இப்படிப்பட்ட 4.73 மி.மீ. தோட்டாவுக்காகவே உருவாக்கியது. பார்ப்பதற்குச் சின்னச் சதுரக் கட்டி, அவ்வளவுதான். தோட்டாவைச் செய்தது டைனமிட் நோபல் நிறுவனம். அவர்களுக்கு வந்த பெரிய தலைவலி சூடு. பித்தளை உறை வெளியே விழும்போது சூட்டில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டு போய்விடும். உறை இல்லையென்றால் சூடு உள்ளேயே தங்கி, விசையைத் தொடாமலே அடுத்த தோட்டா வெடித்துவிடும். அதற்காகக் கூடுதல் சூடு தாங்கும் வெடிமருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, அந்தத் துப்பாக்கியைப் பெரிய அளவில் படைக்கு எடுக்கும் திட்டமும் நின்றுபோனது. ஆக, உறையில்லாமல் சுட முடியும், சுட்டும் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, படத்தில் பித்தளை விழுவது. அந்த ரைபிள்களைப் படத்துக்காகச் செய்துகொடுத்தது லண்டனின் பாப்டி நிறுவனம். வெளிக்கூட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தாம்சன் எம்1ஏ1 என்ற நிஜ இயந்திரத் துப்பாக்கி. கீழே 30 மி.மீ. கிரனேட் லாஞ்சராக நடித்தது ரெமிங்டன் 870 ஷாட்கன். குண்டு இல்லாத வெற்றுத் தோட்டா சுட்டாலும் தாம்சன் உறையைத் துப்பத்தான் செய்யும். அது படப்பிடிப்பின் நிர்ப்பந்தம். அதைத்தான் நீங்கள் விற்கிறீர்கள் என்றால், விளம்பரத்தில் தாம்சன் வெற்றுத் தோட்டா என்று போட்டிருக்க வேண்டும்.

இது சின்ன விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். படத்தின் கதையே இந்தத் தோட்டாவின் மேல்தான் திரும்புகிறது. வீரர்கள் அணு உலைக்கு அடியில் நுழையும்போது, இந்த ரைபிள் என்ன சுடும் என்று கதாநாயகி ரிப்ளி கேட்கிறார். 10 மி.மீ., வெடிக்கும் முனை, உறையில்லாதது என்கிறார் லெப்டினன்ட் கோர்மன். அங்கே சுட்டால் குளிரூட்டும் அமைப்பு உடையும் என்று தெரிந்ததும் வீரர்களிடமிருந்து தோட்டா அடுக்கிய மேகசின்களை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் நடப்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வசனத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் தோட்டா செட்டுக்குத் தனியாகப் பணம் கட்டினேன்.

இன்னொரு குறை, மிச்சத் தோட்டா எத்தனை என்று காட்ட ரைபிளின் பக்கவாட்டில் இருக்கும் எண் காட்டி. படத்தில் சிவப்பு எழுத்தில் 95 என்று தெரியும். மேகசினில் 99 தோட்டா பிடிக்கும், சிக்காமல் இருக்க 95 தான் நிரப்புவார்கள் என்பது ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நீங்கள் அனுப்பியதில் பேட்டரி போட்டதும் 88 என்று எரிகிறது. விசையை அழுத்தினாலும் 88, பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் 88. எண்ணை உருவாக்கும் எல்லாக் கோடும் ஒரே இணைப்பில் எரிகிறதோ என்னவோ, எண் குறையவே குறையாது. தீராத தோட்டாவோடு போயிருந்தால் அந்த வீரர்களுக்கு ஒரு கவலையும் இருந்திருக்காது.

நிறத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படத்துக்குப் பூசிய அதே 'பிரவுன் பெஸ்' என்ற பெயிண்டின் பழுப்பு, கச்சிதமாக வந்திருக்கிறது. பெயிண்ட் அடித்தவரைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

வேறொரு சங்கடமும் உண்டு. சதுரக் கட்டிகளாக வந்திருந்தால் பார்ப்பவர்கள் பொம்மை என்று விட்டிருப்பார்கள். இந்தப் பித்தளை வரிசையைப் பார்த்ததும் அம்மா, "போலீஸ் வந்தா நீயே பேசிக்கோ" என்று சொல்லிவிட்டார். இப்போது அலமாரியில் ரைபிள் இருக்கிறது, தோட்டாக்கள் பரணில் இருக்கின்றன.

பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று உங்கள் மின்னஞ்சல் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். திறக்காமல் உள்ளே பித்தளை இருப்பதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

எனவே தோட்டா செட்டை எடுத்துக்கொண்டு, விளம்பரத்தில் சொன்னபடி உறையில்லாத கட்டித் தோட்டாக்களை அனுப்புங்கள். அப்படி ஒன்றை நீங்கள் தயாரிப்பதே இல்லை என்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளம்பர வாசகத்தையும் மாற்றுங்கள். எண் காட்டியைப் பழுது பார்த்தோ மாற்றியோ தர வேண்டும். ரைபிளைத் திருப்பித் தரும் எண்ணம் எனக்கு இல்லை. பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

ஆர்டர் ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தோட்டாவின் அடிப்பக்கப் படம், 88 எரியும் வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். செட்டை எடுக்க ஆள் அனுப்பும் முன் போன் செய்யச் சொல்லுங்கள். பகலில் அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார், அந்தப் பெட்டியை அவர் தொட மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்