உன் மருந்துப் பட்டியல் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

பசிபிக் கடலைப் படகில் கடக்கிற பயணத்துக்கென்று நீ அனுப்பிய மருந்துப் பட்டியல் கிடைத்தது. சின்ன மாமாவின் மகளிடம் சொல்லி அச்செடுத்து, சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டு வருகிறேன். டிஸ்பென்சரியை விட்டு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு பட்டியலைச் சரிபார்த்துத் தரச் சொல்லி என் பிள்ளையே கேட்டது பெரிய சந்தோஷம். ஆனால் சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கலாபகோஸ் தீவுகளில் இருந்து மார்கேசஸ் தீவுகள் வரை ஏறத்தாழ 3000 கடல் மைல், மூன்று நான்கு கிழமை என்கிறாய். அவ்வளவு தூரத்துக்கு எந்த ஹெலிகொப்டரும் வந்து திரும்பாது. எங்களுக்கு ஒரு மருந்து முடிந்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவோம். 90களில் பாதை பூட்டியிருந்தபோது அதுவும் இல்லை. கடைசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று நின்றவள் நான். அதனால்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன், கூடுதலாக எடு. எதையும் இரண்டு பெட்டியில் பிரித்து வை. ஒன்று கீழே அறையில், மற்றது படகை விட்டு இறங்க நேர்ந்தால் தூக்குகிற பையில்.

முதலில் சத்தி. பட்டியலில் கடல்நோய்க்குப் போடுகிற ஸ்டுஜெரோன் குளிசை ஒரு பெட்டிதான் போட்டிருக்கிறாய், காணாது. அலை அடிக்கத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனமில்லை, கரையை விடும் முன்பே போட வேண்டும். முதலில் கரையில் ஒருநாள் போட்டு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கொபோலமின் ஒட்டு மூன்று நாள் வேலை செய்யும். அதைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதே, பார்வை மங்கும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பொதிகள் நிறைய வாங்கு. முடிந்துபோனால், ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தட்டையாக வழித்து. இதை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறேன். ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும்.

இன்னொன்று. விடாமல் சத்தி எடுத்தால் நாளாந்தம் போடுகிற குளிசையும் அதோடு வெளியே போய்விடும். நாளாந்தம் குளிசை போடுகிறவர் யாராக இருந்தாலும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

தையல் ஊசியும் நூலும் இவ்வளவு எதற்கு? காயத்தைத் தைப்பதை விடக் கழுவுவது முக்கியம். பெரிய சிரிஞ்சுகள் எடு, சுத்தமான தண்ணீரை அமத்தி அடித்துக் கழுவு. அழுக்கோடு தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். பவளப்பாறை வெட்டினால் துகள் உள்ளே நிற்கும், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒட்டுகிற பட்டிகள் பல காயங்களுக்குப் போதும். கொதிதண்ணீர் படகில் கத்தியை விட ஆபத்து. ஆடுகிற அடுப்புக்கு முன்னால் வெறும் மேலோடு நிற்காதே. சுட்டால் இருபது நிமிடம் பச்சைத்தண்ணீர் ஊற்று, பற்பசை ஒன்றும் பூசாதே.

பல் டொக்டரிடம் போனாயா? போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். தற்காலிகமாகப் பல் அடைக்கிற மருந்தும் கராம்பு எண்ணெயும் எடுத்துக்கொள். ஆனால் முதலில் போய்க் காட்டு.

மீன் விஷயத்தில் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று அப்பா சொல்கிறார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரைக்கும் போனதை, நீ போகிறாய் என்று தெரிந்த நாளில் இருந்து வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்கிறார். அவர் வாயால் உன்னைப் புகழ மாட்டார், அந்தக் கப்பலைத்தான் புகழ்வார். நீ புரிந்துகொள்வாய். ஆனாலும் சொல்கிறேன். பேத்தை மீனை இங்கே தொடாதது போல அங்கே பவளப்பாறையில் வாழ்கிற பெரிய மீன்களையும் தொடாதே. அவற்றில் சேருகிற நஞ்சு எவ்வளவு சமைத்தாலும் போகாது. சூரையைப் பிடித்த உடனே குளிரில் வைக்காமல் சாப்பிட்டால் உடம்பு சிவந்து தடிக்கும், அதற்கு அலர்ஜிக் குளிசை வேண்டும். திருக்கை, கெளிறு குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீருக்குள் காலை வை. சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்து வை, நோவில் சூடு தெரியாது.

மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுது. கொம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பனடோல் என்று நாங்கள் சொல்வது எல்லா இடத்திலும் விளங்காது, பரசிற்றமோல் என்று எழுது. கோடீன், ட்ரமடோல் போன்ற கடும் நோமருந்துகளை டொக்டரின் கடிதத்தோடு, வாங்கிய பெட்டியிலேயே வைத்துச் சுங்கத்தில் காட்டு. மறைத்தால் பெரிய பிரச்சினை.

ட்ரமடோல் எழுதிய இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன், ஏன் என்று உனக்குத் தெரியும். சில குளிசைகளோடு அது ஒத்துவராது. நடுக்கம், குழப்பம், வலிப்புக்கூட வரலாம். வேறு நோமருந்து எழுதித் தரும்படி கேள். வனுவாட்டு, சொலமன் தீவுகளுக்கு என்று மெஃப்ளோகுயினும் போட்டிருக்கிறாய். எங்கள் நாட்டில் மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது, அங்கே அப்படியில்லை, தடுப்பு மருந்து கட்டாயம் வேண்டும். ஆனால் மெஃப்ளோகுயின் வேண்டாம். அது சிலருக்குத் தூக்கத்தையும் மனதையும் குழப்பும். முன்பு ஒருமுறை அந்த விதமான சுகவீனம் வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக டொக்சிசைக்கிளின் உனக்குச் சரிவருமா என்று டொக்டரிடம் கேள். அதைப் போட்டால் வெயிலில் தோல் சுடும், உடம்பை மூடிக்கொள். போட்ட உடனே படுக்காதே, நிறையத் தண்ணீரோடு விழுங்கு.

அந்த மாரிகாலத்தில் தொடங்கிய குளிசையைப் பற்றி உன்னிடம் நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அப்படியான குளிசைகளைச் சுகம் வந்துவிட்டது என்று நினைத்து ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த டொக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைச்சுற்று வரும், சத்தி வரும், நித்திரை கெடும். கடலில் அதை எல்லாரும் கடல்நோய் என்று நினைத்துவிடுவார்கள். இரவில் நீ தனியாகக் காவல் இருக்கிற நேரங்கள் வரும். அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. கடலில் உனக்குத் தெளிவாக இருக்கிறது என்று சொன்னாய். அதை நான் நம்புகிறேன். அந்தத் தெளிவு வந்ததில் குளிசைக்கும் பங்கு உண்டு என்பதையும் நீ நம்ப வேண்டும்.

ரோமாபுரியில் ஒரு நிலையம் 1935 முதல் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக மருத்துவ ஆலோசனை சொல்லி வருகிறது. அதன் இலக்கத்தை சற்றலைட் போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வை. எந்த டொக்டரும் முதலில் கேட்பது, நோயாளி என்ன மருந்து பாவிக்கிறார் என்பதுதான். நோயாளி நீயாக இருந்து உன்னால் பேச முடியாவிட்டால் உன் கூட்டாளிதான் பதில் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியுமா? வெட்கப்பட ஒன்றுமில்லை ராசா. அப்பாவின் பிரஷர் குளிசையைப் பற்றி ஊர் முழுக்கத் தெரியும்.

பட்டியலின் கடைசித் தாளில் மூன்று பேரின் சொந்த மருந்து என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். மற்ற இரண்டு பேருக்கும் எழுதியிருக்கிறது. உன் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. பனாமாவை விடும் முன் அதை நிரப்பி எனக்குத் திருப்பி அனுப்பு. பெயர் எழுத மனமில்லாவிட்டால் எத்தனை மாதத்துக்கு வாங்கி வைத்திருக்கிறாய் என்று இலக்கத்தை மட்டும் எழுது. எனக்கு விளங்கும்.

அன்புடன்,
அம்மா